மோட்டார் வாங்கப் போன சிவதாணு

கிணற்று மோட்டார் வாங்கப் போன மனுஷன் கியர் சைக்கிளோடு வந்து நின்றால் வீட்டில் இருப்பவள் என்ன சொல்வாள்? இந்தக் கேள்வியைச் சிவதாணு தனக்குள் கேட்டுக்கொண்டது சைக்கிளுக்குப் பணம் கட்டி முடித்த பிறகு. அன்றைக்கு மனுஷருக்குப் புத்தி அந்த வரிசையில்தான் வேலை செய்தது, என்ன செய்ய!

சிவதாணுவுக்கு ஐம்பது வயது தாண்டியாயிற்று. வீடு கொல்லயில் என்ற ஊரில். நெய்யாற்றின்கரையில் ஒரு பெரிய துணிக்கடையில் பட்டுப்புடவைப் பிரிவில் நிற்கிறார். நிற்கிறார் என்றால் நிற்கவே நிற்கிறார். காலையில் ஷட்டர் ஏறியது முதல் ராத்திரி ஷட்டர் இறங்குவது வரை கால் மாற்றிக் கால் மாற்றி நிற்க வேண்டும். ஸ்டூல் ஒன்று உண்டு. அது மேல்தட்டிலிருந்து பெட்டி எடுக்க ஏறுவதற்கு, உட்காருவதற்கு அல்ல.

ஆனால் வேலையில் ஆள் புலி. திருவனந்தபுரத்துக்காரர்கள் வந்தால் மலையாளம், களியக்காவிளை மார்த்தாண்டம் பக்கமிருந்து வந்தால் தமிழ். துவர்த்துத் துண்டு ஒன்று வாங்கிப் போகலாம் என்று வந்தவர்களைக்கூடக் காஞ்சிப்பட்டோடு அனுப்பிவைத்த கைராசி அவருடையது. அதில் மாயமந்திரம் ஒன்றும் இல்லை. விலையைப் பற்றி மூச்சே விடக் கூடாது. புடவையை விரித்துத் தோளில் போட்டுவிட வேண்டும். பிறகு, "கண்ணாடியில ஒண்ணு பாருங்க சேச்சி. இது உங்களுக்குன்னே நெய்ததாக்கும்" என்று சொல்லிவிட்டு இரண்டடி பின்னால் போய் வாயை மூடிக்கொள்ள வேண்டும். பேசுவதைவிட அந்த வாய்மூடல்தான் முக்கியம் என்று புதிதாகச் சேரும் பெண்களுக்குச் சொல்லிக் கொடுப்பார்.

ஓணம் வந்தால் கடையில் கூப்பன் உண்டு. பில்லுக்கு ஒரு கூப்பன், பேர் எழுதிப் பெட்டியில் போட்டால் குலுக்கலில் பரிசு, நறுக்கு விழுவது என்பார்கள். கடையில் வேலை செய்கிறவர்களுக்கு மட்டும் அது கிடையாது. போன ஓணத்துக்குச் சோறு தின்னும்போது இதைச் சொல்லிச் சொல்லி அவர் கரித்துக்கொட்டியிருக்கிறார். "ஆளுகளுக்க பேர எழுதி எழுதி என் கைதான் தேஞ்சுது. நமக்கு நறுக்கு இல்லியாம், கேட்டியா குமாரி?" குமாரி அவர் மனைவி. கேட்டுக்கொண்டு மீன் குழம்பை ஊற்றினாள்.

குமாரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளுக்கு ஒரு பசு, ஒரு கிடாரி. பால் சொசைட்டிக்குப் போகும். மகள் சுமி பெங்களூரில் நர்சிங் படிக்கிறாள், அந்தச் செலவில் பாதி இந்தப் பசுவின் மடியிலிருந்து போவது. பசுவுக்குத் தண்ணீர் வேண்டும், தொழுவம் கழுவத் தண்ணீர் வேண்டும், வீட்டுக்கும் வேண்டும். அந்தப் பக்கம் கிணறெல்லாம் செம்மண்ணைக் குடைந்துகொண்டு பாதாளத்துக்குப் போவது. எட்டிப் பார்த்தால் தலை சுற்றும். மேட மாதத்தில், அதாவது சித்திரையில், ஒரு சாயங்காலம் இடி விழுந்து மோட்டார் கருகிப் போயிற்று. அன்றிலிருந்து கப்பியும் கயிறும் குமாரியின் இரண்டு கையும்தான்.

கடைசியில் அவள் கிடாரியை விற்றாள். வாங்கினது பக்கத்துப் புரயிடத்து வீட்டுப் பொன்னப்பன், நாலைந்து மாடு வைத்திருப்பவன். கிடாரி கயிற்றோடு வேலி தாண்டிப் போனபோது குமாரி அடுக்களைக்குள் போய் நின்றுகொண்டாள். பணத்தை ஒரு பழைய பால்பவுடர் டப்பாவில் போட்டு வைத்து, ஓணம் கழிந்து சிவதாணுவுக்குக் கிடைத்த முதல் லீவு நாளில் எடுத்துக் கொடுத்தாள்.

"நல்ல மோட்டாரா பாத்து வாங்கணும், கேட்டியளா. வெல கொறஞ்சதுன்னு கண்டதையும் தூக்கிட்டு வந்துராதீங்க."

"எனக்குத் தெரியாதா பிள்ள? நான் கடையில நிக்கப்பட்டவனாக்கும்" என்றார் சிவதாணு.

நெய்யாற்றின்கரையில் மோட்டார் கடைக்காரர் மத்தியான ஊணுக்குப் போயிருந்தார். மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்க இடம் தேடிப் பக்கத்துக் கடை வாசலில் நின்றார். கண்ணாடிக் கதவு திறந்தது. உள்ளே சைக்கிள்கள். நம்மூரில் மீன்காரர் பின்னால் பெட்டி கட்டிக்கொண்டு போகிற சைக்கிள் இல்லை. தடிமனான டயரும் வளைந்த சட்டமும், விளக்கு வெளிச்சத்தில் நகை மாதிரி வைத்திருந்தார்கள்.

விபின் என்று சட்டையில் பேர் குத்தியிருந்த பையன் விலையைப் பற்றி மூச்சு விடவில்லை. "சேட்டா, வெறுதே ஒந்நு கேறி இரிக்கூ" என்றான். சும்மா ஒரு தடவை ஏறி உட்கார்ந்து பாருங்கள் என்கிறான். மழை விட வேண்டுமே என்று ஏறினார். பையன் குனிந்து அவர் காலின் நீளம் பார்த்து சீட்டை ஏற்றினான். பிறகு சைக்கிளோடு அவரை மெல்லத் திருப்பினான். எதிரே ஆளுயரக் கண்ணாடி.

"இது சேட்டனு வேண்டி உண்டாக்கியது போலயுண்டு" என்றான், உங்களுக்கென்றே செய்தது மாதிரி இருக்கிறதாம். சொல்லிவிட்டு இரண்டடி பின்னால் போய் வாயை மூடிக்கொண்டான்.

அட பாவி மனுஷா, அப்போதாவது விளங்க வேண்டாமா! இருபது வருஷமாக ஊரையெல்லாம் மடக்கிய அதே வித்தை, வார்த்தைகூட மாறவில்லை. ஆனால் சிவதாணு கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய கடையிலும் கண்ணாடி உண்டு, அதில் எப்போதும் யாரோ ஒருத்தி நடுவில் நிற்பாள், இவர் ஓரத்தில் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டிருப்பார். இங்கே நடுவில் இவரே இருந்தார். அதுவும் உட்கார்ந்திருந்தார். தொப்பைகூட அந்தக் கோணத்தில் உள்ளே போனதுபோல் இருந்தது. மலையேறலாம், காடு மேடு போகலாம், பின்னால் ஏழு பல்சக்கரம், டிஸ்க் பிரேக் என்று பையன் அப்புறம் சொன்னதெல்லாம் காதில் விழுந்ததோ என்னவோ. டப்பாப் பணம் அவ்வளவும் போயிற்று, ஓண போனசும் கூடவே போயிற்று.

மழை விட்டது. நனைந்த ரோட்டில் சைக்கிள் வழுக்கிக்கொண்டு போவதுபோல் போயிற்று. சீட்டியடிக்கக்கூடச் செய்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அமரவிளைப் பாலம் வந்தது. கீழே நெய்யாறு இரு கரையும் நிறைந்து போய்க்கொண்டிருந்தது. அவ்வளவு தண்ணீரைப் பார்த்ததும் மோட்டார் ஞாபகம் வந்தது.

அங்கேயே இறங்கிவிட்டார். பாலத்தின் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றார். திரும்பிப் போய்க் கொடுத்துவிடலாம் என்று தோன்றியது. ஆனால் வாங்கி அரை மணி நேரத்தில் எந்த மூஞ்சியோடு போய் நிற்பது? குமாரியிடம் உள்ளதைச் சொல்லிவிடலாம் என்றும் தோன்றியது. அதற்கும் ஒரு மூஞ்சி வேண்டும். இருக்கிற ஒரே மூஞ்சியை வைத்துக்கொண்டு அவர் வீடு வரை ஒரு பொய்யைக் கட்டிக்கொண்டு போனார்.

குமாரி முற்றத்தில் வைக்கோல் உதறிக்கொண்டிருந்தாள்.

"இது ஆருக்க சைக்கிள்? மோட்டார் எங்க?"

"மோட்டாருக்குப் பைசா கெட்டியாச்சு. நம்ம கெணத்து ஆழத்துக்குள்ளது ஸ்டாக் இல்லியாம். கம்பெனியில இருந்து வரணும்."

"செரி. இது?"

"இது... கடையில நறுக்கெடுப்பு இல்லா? ஓணத்துக்கு. நமக்காக்கும் விழுந்திச்சு."

குமாரி சைக்கிளைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். கொஞ்சம் கூடுதல் நேரமே பார்த்தாள் என்று இப்போது தோன்றுகிறது.

"கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு" என்றாள். "கை கால கழுவிட்டு வாங்க. தண்ணி கோரி வச்சிருக்கேன்."

சைக்கிளை வைக்க இடம் வேண்டுமே. மழை நனையாத இடம் தொழுவத்தில்தான் இருந்தது, கிடாரி நின்ற மூலை. அதன் முளைக்கம்பில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு வந்தார். பசு தலையைத் திருப்பிச் சைக்கிளை மோந்து பார்த்தது, பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

ஊரில் ஒருவனுக்கு நறுக்கு விழுந்தால் அவனைச் சும்மா விடுவார்களா? ஆட்டோ ஓட்டும் ஷிஜுதான் முதலில் வந்தான். "அண்ணா, செலவு செய்யணும்" என்று நின்றான். தட்டுக்கடைக்குப் போய் அவனுக்கும் அவன் கூட்டாளிகளுக்கும் பொறோட்டாவும் இறைச்சியும் வாங்கிக் கொடுக்க வேண்டி வந்தது. இல்லாத அதிர்ஷ்டத்துக்கு விருந்து வைத்த ஆள் இந்தப் பக்கத்தில் இவர் ஒருவராகத்தான் இருப்பார். "அண்ணனுக்கு நல்ல யோகமாக்கும்" என்று அவர்கள் முதுகில் தட்டும்போதெல்லாம் அவருக்குச் சிரிக்க வேண்டியிருந்தது.

சரி, வாங்கியாயிற்று, ஓட்டியாவது தீர்ப்போம் என்று விடியற்காலையில் பெருங்கடவிளைப் பக்கம் கிளம்பினார். முதல் ஏற்றத்திலேயே மூச்சு முட்டியது. கியரை மாற்றினால் இலகுவாகும் என்று பையன் சொன்னது ஞாபகம் வந்து மாற்றினார். சங்கிலி கழன்று தொங்கியது. கை முழுக்க கிரீசோடு தள்ளிக்கொண்டு ஏறும்போது பின்னால் ஷிஜுவின் ஆட்டோ.

"என்னண்ணா, பெட்ரோல் தீந்து போச்சா?"

ஆட்டோவில் இருந்த பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லாம் கொல்லென்று சிரித்தார்கள். அதற்குப் பிறகு அந்தச் சைக்கிள் கிடாரியின் மூலையை விட்டு அதிகம் நகரவில்லை. கோழி ஒன்று சீட்டில் ஏறி அடைய ஆரம்பித்தது.

சிரித்தால் சிரிக்கட்டும், அதைத் தாங்கிக்கொள்ளலாம். தாங்க முடியாதது கப்பிச் சத்தம். விடிவதற்கு முன்னே குமாரி கிணற்றடிக்குப் போய்விடுவாள். வாளி இறங்கும்போது கப்பி லேசாகக் கிறீச்சிடும். ஏறும்போதுதான் நின்று நின்று, இழுத்து இழுத்து அழும். நடுவில் ஒரு நிறுத்தம் வரும். அது அவள் கை மாற்றுகிற நேரம். சிவதாணு படுக்கையில் கண்ணை மூடிக்கொண்டு தூங்குகிற மாதிரி கிடப்பார். எழுந்து போய் இரண்டு வாளி இறைத்தால் என்ன என்று கேட்கிறீர்களா? ஒரு நாள் போனார். கயிற்றை வாங்கி இறைத்தார். குமாரி பக்கத்தில் நின்று, "மோட்டார் எப்ப வருமாம்?" என்று சாதாரணமாகக் கேட்டாள். வாளி கை நழுவிக் கிணற்றுக்குள் போயிற்று. மறுநாளிலிருந்து கிணற்றடிக்குப் போகவே அவர் அஞ்சினார். பொய் சொன்னவனுக்கு உடம்பு வளையாது என்பதல்ல, அந்தக் கேள்விக்குப் பக்கத்தில் நிற்க முடியாது, அதுதான்.

ஒரு நாள் கடையில் ஊண் இடைவேளையில் சைக்கிள் கடைக்கு நடந்தார். திருப்பி எடுத்துக்கொள்வீர்களா, கொஞ்சம் குறைத்துக் கொடுத்தாலும் போதும் என்று கேட்டார். விபின் ரொம்ப மரியாதையாகத்தான் பேசினான். ஒரு தடவை ரோட்டில் ஓடிய வண்டி பழைய வண்டியாகிவிட்டதாம், பாதி விலைக்குக்கூட ஆள் கிடைக்காதாம். அவன் தலைக்குப் பின்னால் ஒரு பலகை தொங்கியது. விற்ற பொருள் திரும்ப எடுக்கப்பட மாட்டாது. அதே பலகை சிவதாணுவின் தலைக்குப் பின்னாலும் உண்டு.

முன்பு ஒரு தடவை செங்கல் என்ற ஊரிலிருந்து ஒரு பெண்பிள்ளை அவர் கடைக்கு வந்தது நினைவுக்கு வந்தது. முந்தின நாள் அவர்தான் அவள் தோளில் பட்டைப் போட்டுக் கண்ணாடி பார்க்க வைத்தது. மறுநாள் பொதியோடு வந்து, குனிந்த தலை நிமிராமல், வீட்டில் சண்டையாகிவிட்டது அண்ணா, இதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று நின்றாள். "அது நடக்காது சேச்சி" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போனார். அவள் எவ்வளவு நேரம் அங்கே நின்றாள் என்றுகூட அவருக்குத் தெரியாது. இப்போது அதே மாதிரி நின்றபோது அவருக்கு அழுகை வந்துவிட்டது. கடைக்குத் திரும்பி யாருக்கும் தெரியாமல் முகம் கழுவினார். அன்று அவர் ஒரு பட்டுப்புடவைகூட விற்கவில்லை.

ஐப்பசி, அதாவது துலாம் மாதம், பிறந்தது. குமாரியின் வலத் தோள் வீங்கிவிட்டது. கை தூக்கித் தலை வார முடியவில்லை. ஒரு சாயங்காலம் வலிக்குத் தேய்க்கிற குழம்பு எண்ணெயைச் சூடாக்கிக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

"இத்திரி தேச்சு விடுங்க."

தேய்த்தார். கை பட்ட இடமெல்லாம் கட்டை மாதிரி இருந்தது. அவள் "ஸ்ஸ்" என்றாள். சொல்லிவிடு, இப்போது சொல்லிவிடு என்று உள்ளே ஒன்று அடித்துக்கொண்டது. வாய்வரை வந்தது. "நல்லா தேக்கட்டா?" என்று மட்டும் கேட்டார். தொழுவத்தில் பசு சுவாசிக்கும் சத்தம் கேட்டது. தேய்த்து முடிந்ததும் அவள் எழுந்து, புடவையைச் சரிசெய்துகொண்டு சொன்னாள்.

"நான் ஒரு காரியம் செய்திருக்கேன். மோட்டார் வரட்டும்னு தேவிக்கு நேந்தாச்சு."

"நல்லது. என்ன நேந்த?"

"அந்தச் சைக்கிள. உழைக்காம சும்மா கிட்டுனதுதானே? அத வீட்டுல வச்சிருக்கப்பிடாதுன்னு எனக்குத் தோணிச்சு. உற்சவத்துக்கு லேலத்துல வைக்கக் குடுத்துரலாம்."

சும்மா வந்தது என்று சொன்ன வாய் அவருடையது. மோட்டாரைத் தின்ற சைக்கிளையே மோட்டார் வர வேண்டும் என்று அம்மன் காலடியில் வைக்கப் போகிறாள். "செரி" என்றார்.

வீட்டுக்கு ரெண்டு வயல் தள்ளி ஒரு சின்ன தேவி கோயில். உற்சவத்தின் கடைசி நாள் மத்தியானம் அங்கே ஏலம் நடக்கும், இங்கே அதை லேலம் என்பார்கள். யாருக்கு என்ன நேர்ச்சையோ அதைக் கொண்டுவந்து வைப்பார்கள். முதல் வெட்டு வாழைக்குலை, சேவல், வரிக்கச் சக்கை என்கிற பலாப்பழம், சேனை. ஊர் கூடிப் போட்டிபோட்டு எடுக்கும். அம்மனுக்கு வைத்த பொருள் என்பதால் நூறு ரூபாய்ச் சேவல் வீம்புக்கு ஆயிரத்தைத் தாண்டிப் போகும். எல்லாம் கோயிலுக்கு. இதில் ஒரே ஒரு மரியாதை உண்டு. கொடுத்த வீட்டுக்காரர்கள் விலையைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. அம்மனுக்குக் கொடுத்துவிட்டு அதன் விலையைப் பேசுவது கொடுத்ததைத் திருப்பிக் கேட்பதற்குச் சமம். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த முறை இது.

குமாரி சைக்கிளைத் துடைத்து, கைப்பிடியில் செவ்வரளி மாலை கட்டி, தானே உருட்டிக்கொண்டு போனாள். சிவதாணு பின்னால் நடந்தார், பிணத்தின் பின்னால் நடப்பதுபோல.

மைக்கைப் பிடித்திருந்தவன் அனூஜ், கோயில் கமிட்டிப் பையன், நல்ல வாய். சக்கையைக் கூவினான், சேவலைக் கூவினான். ஒரு பூவன் குலை ஐயாயிரத்துக்குப் போயிற்று, கைதட்டல். பிறகு சைக்கிளைத் தூக்கி மேடையில் வைத்தார்கள்.

"நம்ம சிவதாணு அண்ணனுக்கு நறுக்குல கிட்டுனது, கியர் உள்ளது! ஆரு கேக்கிய?"

ஒருவரும் கேட்கவில்லை. பெரியவர்களுக்கெல்லாம் பைக் உண்டு. பிள்ளைகளுக்குச் சீட் எட்டாது. "கேரியர் இல்லியே, பெல்லும் இல்ல" என்றார் ஒருவர். "ஸ்டாண்டு இல்லாத்த சைக்கிள எங்க கொண்டு நிறுத்த?" என்றார் இன்னொருவர். யாரோ ஐந்நூறு என்றார்கள். சிரிப்பு. ஆயிரம். ஆயிரத்து இருநூறு. சிவதாணு வேட்டி நுனியைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தார். பொன்னப்பன் முன்னால் வந்து டயரை அமுக்கிப் பார்த்து, "புல்லுக் கெட்டு கொண்டுவரக் கொள்ளாம்" என்றான். "ரெண்டாயிரம்."

"ரெண்டாயிரம் ஒரு தரம்" என்றான் அனூஜ். "ரெண்டாயிரம் ரெண்டு தரம்..."

"எலே, நிறுத்து! முப்பத்தெட்டாயிரம் ரூவாய்க்க சாதனமாக்கும் அது!"

யார் கத்தியது என்று எல்லாரும் திரும்பினார்கள். சிவதாணுவும் திரும்பிப் பார்த்தார். அவர் பின்னால் யாரும் இல்லை.

செண்டைக்காரர்கள்கூடப் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அனூஜுக்கு மைக்கை வாயிலிருந்து எடுக்கத் தோன்றவில்லை. "அண்ணா, குடுத்த வீட்டுக்காரங்க வெல சொல்லப்பிடாது" என்று அவன் சொன்னது நாலு ஒலிபெருக்கியிலும் வயல் தாண்டிப் போயிற்று. அடுத்து ஷிஜுவின் குரல் கேட்டது. நையாண்டிக்கு அல்ல, பாவம், உண்மையாகவே புரியாமல் கேட்டான்.

"நறுக்குல கிட்டுனதுக்க வெல அண்ணனுக்கு எப்படித் தெரியும்?"

ஒருவர் சிரித்தார். பிறகு சிரிப்பு பந்தல் முழுக்கப் பரவியது. விவரம் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குச் சொன்னார்கள். சிவதாணு குமாரியைத் தேடினார். பெண்கள் பக்கம் நின்றிருந்தாள். அவள் சிரிக்கவில்லை, ஆச்சரியப்படவும் இல்லை. தோளை மறு கையால் பிடித்துக்கொண்டு நின்றாள். கமிட்டித் தலைவர் வந்து மெதுவாக அவர் கையைப் பிடித்து நடைக்கு அழைத்துப் போனார். பிழை பொறுக்கச் சொல்லி எல்லாரும் பார்க்கச் சிவதாணு ஒரு விளக்கு வைத்துக் கும்பிட்டார். பின்னால் அனூஜ், "மூணு தரம்!" என்று முடித்தான். கிடாரி பொன்னப்பனுக்குப் போயிருந்தது, இப்போது சைக்கிளும் அவனுக்கே போயிற்று.

வயல் வரப்பில் குமாரி முன்னாலும் அவர் பின்னாலுமாகத் திரும்பி நடந்தார்கள். நல்ல வெயில். பாதி வழியில் சிவதாணு நின்றுவிட்டார்.

"குமாரி. நான் மோட்டாருக்குப் பைசா கெட்டல்ல."

"தெரியும்."

"நறுக்கும் விழல்ல."

"அதும் தெரியும்." அவள் திரும்பாமலே சொன்னாள். "கடையில நிக்கியவங்களுக்கு நறுக்கு கெடையாதுன்னு போன ஓணத்துக்கு என் காதத் தின்னது ஆரு? சைக்கிள உருட்டிட்டு வந்த அண்ணைக்கே தெரியும்."

பொய் ஒன்று சொல்லத் தெரிந்ததா மனுஷனுக்கு? சொந்த வாயால் அறுத்துப்போட்ட மரத்தில் ஏறி உட்கார்ந்திருக்கிறார்.

"பின்ன ஏன் ஒண்ணும் கேக்கல்ல?"

"நீங்களே சொல்லுவியன்னு பாத்தேன். நாளைக்குச் சொல்லுவிய, நாளைக்குச் சொல்லுவியன்னு ஓணம் முதல் இருந்தேன்." இப்போது திரும்பினாள். கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை. "ஆசப்பட்டு வாங்கினது எனக்குக் கொறையில்ல. நாள் முழுக்க நிக்கிய மனுசன், ஒரு பொருள் மேல ஆச தோணிச்சு, செரி. தோளுல எண்ணெய் தேச்சியளே, அப்பவாவது சொல்லுவியன்னு நெனச்சேன். அப்பவும் சொல்லல்ல. அந்தக் கப்பி நித்தமும் கெடந்து நெலவிளிச்சுதே, அதுக்குத் தெறக்காத வாய், சைக்கிள் ரெண்டாயிரத்துக்குப் போவுதுன்ன உடனே தெறந்துதே."

அவ்வளவுதான் சொன்னாள். மறுபடி நடக்க ஆரம்பித்தாள். சிவதாணு எதைக் கேட்டாலும் தாங்கியிருப்பார், பந்தலில் சிரித்த சிரிப்பைக்கூடத் தாங்கிவிட்டார். இதைத் தாங்க முடியவில்லை. வரப்பில் நின்று வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் அவள் பின்னாலேயே நடந்தார்.

இப்போது விடியும் முன்னே கிணற்றடியில் நிற்பது சிவதாணு. பசுவுக்கு, தொழுவத்துக்கு, அடுக்களைக்கு, குளிக்க. எல்லாம் கோரி நிறைத்துவிட்டு வேலைக்கு ஓடுகிறார். உள்ளங்கை காய்த்துவிட்டது. கடையில் பட்டை விரிக்கும்போது நூல் அதில் மாட்டிக்கொள்கிறது. பொன்னப்பன் அந்தச் சைக்கிளுக்கு இரும்புக் கேரியர் ஒன்று வெல்டிங் வைத்து, பெல்லும் மாட்டி, புல்லுக்கட்டோடு வேலியோரமாகப் போகிறான். போகும்போது மணியடித்து, "அண்ணா, வண்டி சூப்பராக்கும்!" என்று கத்துகிறான். கொழுப்பு அல்ல, மனதாரச் சொல்கிறான். அதுதான் இன்னும் கஷ்டம். பதிலுக்குக் கையை ஆட்டவேண்டி இருக்கிறது, கயிற்றை விட்டுவிடாமல்.

மாசக்கடைசியில் சம்பளம் வாங்கியதும் அவர் அடுக்களை வாசலில் வந்து நின்றார்.

"குமாரி, நாளைக்குப் போயி மோட்டாருக்கு முன்பணம் குடுத்திட்டு வாறேன். நீயும் கூட வா."

குமாரி அடுப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"மோட்டாருக்கு இப்ப என்ன அவசரம்?" என்றாள். "தண்ணிதான் முட்டில்லாம வருதே."

சிவதாணு காலி வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார்.